கடல் இன்னொரு ரைடு இல்லீங்க

1/
ஸ்கூல் லீவு விட்டாச்சு. "டாக்டர், பசங்களைக் கூட்டிக்கிட்டு ஈசிஆர் போறோம். காலைல தீம் பார்க், சாயங்காலம் அப்படியே கோவளம் பீச், நைட் அங்கேயே ரூம்." இந்த வாரம் மட்டும் என் கிளினிக்கில் 3 குடும்பங்கள் சொன்ன பிளான் இது. நல்ல பிளான்தான். அதுல இருக்குற "அப்படியே"ங்கற ஒரே ஒரு வார்த்தைதான் எனக்குப் பிரச்சினை.

நீளமான இழை. பொறுமையாப் படிங்க. திட்டணும்னா கடைசியில திட்டுங்க.

2/
சில வருஷங்களுக்கு முன்னாடி அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணி ஏழு இருக்கும். 40 வயசுக்குள்ள ஒருத்தரைக் கார்ல தூக்கிட்டு வந்தாங்க. கூடவே 8 வயசுப் பொண்ணு, யாரோ போத்தி விட்ட துண்டுக்குள்ள நடுங்கிக்கிட்டு இருந்துச்சு.

3/
பொண்ணை அலை இழுத்துருக்கு. அப்பா பாய்ஞ்சுருக்காரு. நீச்சல் தெரியாது. பக்கத்துல இருந்த மீனவப் பையன் ஒருத்தன் பொண்ணைக் கரை சேர்த்துட்டான். அப்பாவைத் தேடிக் கொண்டு வர்றதுக்குள்ள நேரம் போயிடுச்சு. 40 நிமிஷத்துக்கு மேல முயற்சி பண்ணோம். திரும்பி வரல.

4/
அவர் மணிக்கட்டுல தீம் பார்க்ல கட்டி விட்ட காகிதப் பட்டை ஈரத்தோட அப்படியே இருந்துச்சு. பொண்ணு கையிலயும் அதே கலர் பட்டை. வெளியில வந்து அவங்க மனைவிகிட்ட விஷயத்தைச் சொன்னப்போ, அவங்க ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

"சும்மா கால் நனைக்கத்தான் டாக்டர் போனோம்."

5/
கடல்ல போன உயிர்களைப் பத்தி நான் கேட்ட கதைகளில் முக்கால்வாசி இந்த வாக்கியத்துலதான் ஆரம்பிச்சது. "நீச்சல் அடிக்கப் போனோம்"னு சொன்னவங்க ரொம்பக் குறைவு. எல்லாரும் கால் நனைக்கத்தான் போறாங்க.

6/
பார்க்கையும் பீச்சையும் சேர்த்துப் பார்க்குறது நமக்குப் புதுசு இல்ல. என் வயசுக்காரங்களுக்கு வி.ஜி.பி. கோல்டன் பீச் ஞாபகம் இருக்கும். அசையாம நிக்குற சிலை மனிதரைச் சிரிக்க வெக்கப் பார்த்துட்டு அப்படியே மணல்ல ஓடுவோம். இன்னைக்கு முட்டுக்காட்டுல எம்.ஜி.எம்., போன டிசம்பர் 2025-ல திருப்போரூர் பக்கம் வொண்டர்லா. எல்லாமே கோவளத்துலருந்து கார்ல கொஞ்ச நேரம்தான். அதனால இந்த "பார்க் + பீச்" டூர் இனி கூடத்தான் போகுது, குறையாது.

7/
இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

தீம் பார்க்ல இருக்குற அலைக் குளத்தை நினைச்சுப் பாருங்க. சங்கு ஊதினா அலை வரும். கொஞ்ச நேரத்துல தானா நிக்கும். ஆழம் எவ்வளவுன்னு ஓரத்துல எழுதியிருக்கும். தரை சீரா இருக்கும், திடீர்ப் பள்ளம் கிடையாது. விசிலோட ஒரு ஆள் நிப்பார். எல்லையைத் தாண்டினா ஊதுவார்.

8/
காலை 10 மணியிலிருந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும் உங்க பிள்ளை அங்க என்ன கத்துக்குது? அலை வந்தா குதிக்கணும். விழுந்தா சிரிக்கணும். ஆபத்துன்னா யாராவது விசில் அடிப்பாங்க.

அதே பாடத்தோட, அதே நாள், 6 மணிக்குக் கோவளம் கடல்ல இறக்கி விடுறோம். அங்க சங்கும் இல்ல, விசிலும் இல்ல, அலை நிக்கவும் நிக்காது.

9/
பிள்ளை மட்டும் இல்லீங்க, நாமளும் அதே பாடத்தைத்தான் கத்துக்குறோம். நாள் முழுக்க "அங்க ஆள் இருக்காங்க"ன்னு பெஞ்ச்ல உக்காந்து போன் பார்த்துப் பழகின அப்பா, பீச்லயும் மணல்ல உக்காந்து போன்தான் பார்க்குறார். பழக்கம் பீச்சுக்கும் கூடவே வருது.

10/
உடம்பையும் பாருங்க. மே மாச வெயில்ல 7 மணி நேரம். தண்ணி சரியாக் குடிச்சிருக்க மாட்டோம். மதியம் எண்ணெய்ச் சாப்பாடு. ரைடுல தலை சுத்தி இறங்கியிருப்போம். இந்த உடம்பை அலை தட்டினா, எழுந்து நிக்கிற பலம் காலையில இருந்ததுல பாதி கூட இருக்காது.

இதுல ரூம் போட்டவுடனே அப்பா, சித்தப்பா, மாமா எல்லாம் "கொஞ்சமா" போட்டுட்டு பீச்சுக்கு வர்றது வேற. குடிச்சவருக்குக் கடல் ஆழம் தெரியாது. தன்னால முடியும்னு மட்டும் நல்லாத் தெரியும்.

11/
இன்னொண்ணு. நம்ம கரை கிழக்குக் கரை. சூரியன் கடல்ல மறையாது, நம்ம முதுகுக்குப் பின்னால மறையும். சவுக்குத் தோப்புக்கும் ரிசார்ட் கட்டடத்துக்கும் பின்னாடி வெயில் இறங்கினதும் கரை சீக்கிரம் இருட்டிடும். 6:30-க்கு மேல அலைக்குள்ள ஒரு சின்னத் தலை தெரியுதா இல்லையான்னு 20 அடி தூரத்துலயே சொல்ல முடியாது.

12/
"முழங்கால் ஆழம்தானே டாக்டர்?"

ஒரு கன மீட்டர் தண்ணி ஆயிரம் கிலோ. அது ஓடி வந்து முட்டினா, 22 கிலோ பிள்ளை எப்படி நிக்கும்? சென்னைக்குத் தெற்கே பல இடங்கள்ல கரை சரிவா இறங்கும். நாலு அடி வெச்சா முழங்கால், இன்னும் ரெண்டு அடி வெச்சா இடுப்பு. அலை திரும்பும்போது காலுக்கடியில மணலையும் அரிச்சுக்கிட்டுப் போகும். முழங்கால் ஆழம் அடுத்த அலைக்கு இடுப்பாழம் ஆயிடும்.

13/
அடுத்தது ரிப் கரண்ட். கரையில வந்து குவியுற தண்ணி திரும்பக் கடலுக்குப் போக ஒரு குறுகலான வழி எடுத்துக்கும். அதுதான் ரிப். அதோட வேகம் சில சமயம் விநாடிக்கு 2 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக் நீச்சல் வீரரே அதை எதிர்த்துப் போட்டி போட முடியாது.

கொடுமை என்னன்னா, அந்த இடத்துலதான் அலை கம்மியா, நுரை இல்லாம, அமைதியாத் தெரியும். "இங்க அலை இல்ல, பிள்ளைங்களை இங்க விடலாம்"னு நாம பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்குற இடம் அதுவாகவே இருக்கலாம்.

14/
முகத்துவாரம், கல் கொட்டின இடம், பாறை, இதையெல்லாம் ஒட்டின தண்ணியில நீரோட்டம் இன்னும் மோசமா இருக்கும். முட்டுக்காடு உப்பங்கழி கடல்ல சேர்ற இடத்தையும், மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலைக் காப்பாத்தப் போட்டிருக்குற கருங்கல் ஓரத்தையும் யோசிங்க. நாம போட்டோ எடுக்க ஓடுறதும் அந்த இடங்களுக்குத்தான்.

15/
மாமல்லபுரத்துல 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்துச்சு. கோவளத்துல மீனவக் குடும்பத்துப் பிள்ளைங்க சர்ஃபிங் பள்ளி நடத்துறாங்க. பெருமையான விஷயம். அதையே வேற மாதிரியும் யோசிங்க. ஆசியா முழுக்க இருந்து வீரர்கள் அலை தேடி வர்ற கடல் இது. அதுல நாம ரெண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கால் நனைக்க விடுறோம்.

16/
"கோவளம்தான் ப்ளூ ஃபிளாக் பீச் ஆச்சே?"

ஆமா. 2021-ல கிடைச்சது. தமிழ்நாட்டிலேயே முதல் பீச். சுத்தமான தண்ணி, உயிர்காப்பாளர், மீட்புக் கருவிகள் எல்லாம் இருக்கணும்ங்கறது அந்தச் சான்றிதழோட நிபந்தனை. ஆனா அது குறிப்பிட்ட ஒரு துண்டுக் கரைக்குத்தான். ஈசிஆர் கரை முழுக்க அந்தக் கொடி பறக்கல. நீங்க ரூம் போட்ட இடத்துக்குப் பின்னாடி இருக்குற கரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாம இருக்கலாம்.

17/
"பிரைவேட் பீச்"னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. நம்ம நாட்டுல அலை வந்து போற கரை பொதுச் சொத்து. அப்போ பிரைவேட்னா என்ன அர்த்தம்? ஆள் நடமாட்டம் இல்லாத கரைன்னு அர்த்தம். நீங்க மூழ்கினா பார்க்க ஆள் இல்லைன்னும் அர்த்தம். இதுக்குத்தான் நாம கூடுதல் வாடகை கொடுக்குறோம்.

18/
இப்போ என் கோபத்தைச் சொல்றேன்.

2025 மே மாசம் ஈஞ்சம்பாக்கம் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுல ராட்டினம் பாதியில நின்னுடுச்சு. 30 பேருக்கும் மேல மணிக்கணக்கா அந்தரத்துல மாட்டிக்கிட்டாங்க. தீயணைப்புத் துறை ஏணியோட வந்து எல்லாரையும் பத்திரமா இறக்குனாங்க. டிவியில செய்தி ஓடுச்சு, பார்க்கை மூடி விசாரிச்சாங்க. எல்லாம் சரிதான். அப்படித்தான் செய்யணும்.

19/
ஆனா அதே ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடல்ல ஒரு காலேஜ் பையன் போனா? உள்பக்கத்துல ஒரு பத்திச் செய்தி. "குளிக்கச் சென்றபோது ராட்சத அலையில் சிக்கி..." அவ்வளவுதான். எந்தக் கரையை மூடினாங்க? யார்கிட்ட விசாரிச்சாங்க?

ரைடுல ஏத்துறதுக்கு முன்னாடி உயரம் அளக்குறோம், பெல்ட் போடுறோம். கடலுக்கு மட்டும் ஒரு போர்டு. அதுவும் துருப்பிடிச்சது.

20/
இந்தியாவுல 2022-ல மட்டும் தண்ணியில மூழ்கி இறந்தவங்க 38,000-க்கும் மேல. இது ஆறு, குளம், கிணறு, கடல் எல்லாம் சேர்த்து. உலக அளவுல 2021-ல சுமார் 3 லட்சம் பேர், அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் 30 வயசுக்குக் கீழ. இத்தனை இளம் உயிர்களை எடுக்குற ஒரு நோய் இருந்தா தடுப்பூசி முகாம் போட்டிருப்போம். இதுக்கு மட்டும் "விதி"ன்னு சொல்லிட்டுப் போறோம்.

21/
விதி இல்லீங்க. கோவாவுல 2008-லிருந்து அரசே ஏற்பாடு பண்ணி, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்களைக் கரை நெடுக நிறுத்தியிருக்கு. சிவப்பு மஞ்சள் கொடி நட்ட இடத்துலதான் குளிக்கணும். நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல கடற்கரை இருக்கு. கடலை உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச மீனவ இளைஞர்கள் குப்பத்துக்குக் குப்பம் இருக்காங்க. அவங்களுக்குப் பயிற்சியும், மாசச் சம்பளமும், மிதவையும் கொடுத்து நிறுத்த முடியாதா? அந்தப் பொண்ணைக் காப்பாத்தினவன் சம்பளம் வாங்கிக்கிட்டு காப்பாத்தல. வலை காயப் போட்டுக்கிட்டு இருந்தவன்.

22/
ரிசார்ட் நடத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நீச்சல் குளத்துக்கு ஆள் போடுறீங்க. விளம்பரத்துல போடுறது கடல் போட்டோ. கடலைக் காட்டித்தான் வாடகை வாங்குறீங்கன்னா, கடல் பக்கமும் ஒரு ஆளை நிறுத்துங்க. கயிறு கட்டின மிதவை ஒண்ணாவது தொங்க விடுங்க.

23/
"நாங்கல்லாம் சின்ன வயசுல கடல்லயே கிடந்தோம், ஒண்ணும் ஆகலையே"ன்னு மாமாக்கள் வருவாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலை, அதனாலதான் நீங்க இங்க வந்து எழுதுறீங்க மாமா. ஆனவங்க வந்து எழுத முடியாதில்ல.

24/
"படிக்காதவங்கதான் இப்படிப் போய் மாட்டுவாங்க"ன்னு நினைக்கிறவங்களுக்கு: 2024 மே 6, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச். கடல்ல இழுத்துட்டுப் போய் இறந்த 5 பேரும் மருத்துவ மாணவர்கள். கள்ளக்கடல் வரும்னு இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்துச்சு. டாக்டராகப் போற பிள்ளைங்களுக்கே இது நடந்துச்சு. எங்க துறைக்கே இந்தப் பாடம் இன்னும் போய்ச் சேரல, அதனாலதான் இதை எழுதுறேன்.

25/
சரி, அப்போ பீச்சே வேண்டாமா? வேணும். கடல் பார்க்காத கோடை விடுமுறையா? சேலத்துலருந்தும் ஈரோட்டுலருந்தும் வர்ற பிள்ளைக்கு முதல் முதலா கடலைக் காட்டுறது எவ்வளவு பெரிய சந்தோஷம்! நான் சொல்றது ஒண்ணுதான்: கடலை பார்க்கோட வாலா ஒட்டாதீங்க. அதுக்குன்னு தனியா ஒரு நாள் கொடுங்க.

26/
எங்க வீட்டுல நாங்க வெச்சிருக்குற முறை இது:

▪️ முதல் நாள் கடல், மறுநாள் பார்க். திருப்பிப் போடுறதில்ல.
▪️ காலை 6 முதல் 8 வரை. வெளிச்சம் இருக்கும், படகு கரை சேர்ற நேரம், மீனவர்கள் கண்ணு முன்னாடி இருப்பாங்க.
▪️ "இன்னைக்குக் கடல் எப்படிண்ணே?"ன்னு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கால் வைப்போம். "வேண்டாம்"னா வேண்டாம்தான்.
▪️ உயிர்காப்பாளர் இருக்குற இடத்துல மட்டும்.

27/
▪️ ஒரு பெரியவர், 20 நிமிஷம், கையில போன் கிடையாது. பிள்ளைங்களைப் பார்க்குறது மட்டும்தான் வேலை. அப்புறம் அடுத்தவர். "எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தோம்"னா யாருமே பார்க்கலைன்னு அர்த்தம்.
▪️ சின்னப் பிள்ளை எப்பவும் கைக்கு எட்டுற தூரத்துல.
▪️ பார்க்ல வாங்கின காத்தடைச்ச டியூப் கடலுக்கு வேண்டாம். கரைக்காத்து அடிச்சா அது பிள்ளையோட உள்ளே போயிடும்.
▪️ குடிச்சவங்க ரூம்லயே இருக்கட்டும்.
▪️ வெயில் சாஞ்சதும் மணல் வீடு, சுண்டல், மீன் வறுவல். தண்ணி கிடையாது.

28/
மீதி நேரத்துக்கு வேலையா இல்ல? முட்டுக்காட்டுல படகு, தட்சிணசித்ரா, வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம். கடல்ல இறங்காமலே ரெண்டு நாள் போதாது.

29/
இனி மருத்துவம். இதை மட்டுமாவது சேமிச்சு வெச்சுக்கோங்க.

மூழ்குறவங்க சினிமாவுல வர்ற மாதிரி கத்த மாட்டாங்க. வாய் தண்ணி மட்டத்துல மேலயும் கீழயும் போகும். மூச்சுக்கே நேரம் இல்லாதப்போ கத்த எங்க நேரம்? தலை பின்னால சாஞ்சிருக்கும், பார்வை வெறிச்சிருக்கும், கை பக்கவாட்டுல தண்ணியை அமுக்கும். விளையாடிக்கிட்டிருந்த பிள்ளை திடீர்னு சத்தம் இல்லாம இருந்தா, அதுதான் அலாரம்.

30/
ரிப்ல மாட்டினா: கரையை நோக்கி நீந்தாதீங்க. அது உங்களை உள்ளே கொண்டு போகும், அடியில இழுக்காது. மல்லாந்து மிதங்க, கையைத் தூக்குங்க. தெம்பு இருந்தா கரைக்கு இணையாப் பக்கவாட்டுல நகருங்க.

மாட்டினவரைப் பார்த்தா: நீங்க குதிக்காதீங்க. கத்தி ஆள் கூப்பிடுங்க. மிதக்குற எதையாவது வீசுங்க. மூடி போட்ட காலி கேன், டியூப், கயிறு, சேலை, எதுவானாலும். இது கல்நெஞ்சம் இல்ல. ஒரு சாவு வீட்டை ரெண்டு சாவு வீடா ஆக்காம இருக்குற வழி.

31/
வெளியே எடுத்ததும்: தலைகீழாத் தூக்கிச் சுத்தாதீங்க. வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க. அதுல வாந்தி நுரையீரலுக்குப் போகும், பொன்னான நிமிஷமும் போகும்.

நினைவும் இல்ல, மூச்சும் இல்லைன்னா, முதல்ல மூச்சு கொடுங்க. தலையைச் சாய்ச்சு, மூக்கைப் பிடிச்சு, வாயோட வாய் வெச்சு 5 தடவை. சில பயிற்சிகள்ல 2-ன்னு சொல்லியிருப்பாங்க, அதுவும் சரிதான். அப்புறம் நெஞ்சுல 30 அழுத்தம், 2 மூச்சு, இப்படியே விடாம. ஒருத்தர் 108-க்குக் கூப்பிடட்டும்.

மாரடைப்புக்கு நெஞ்சை அழுத்தினாலே போதும்னு கேட்டிருப்பீங்க. மூழ்கினவங்களுக்கு அது போதாது. அவங்களுக்குப் போனது ஆக்சிஜன்.

32/
பிழைச்ச பிள்ளை எழுந்து உக்காந்து பேசினாலும், இருமல், மூச்சு வாங்குறது, வாந்தி, அசாதாரணத் தூக்கம் இதுல ஒண்ணு இருந்தாக்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. சில மணி நேரம் பார்த்துட்டு நாங்களே அனுப்பிடுவோம். "டிரை டிரவுனிங், ஒரு வாரம் கழிச்சுத் திடீர்னு சாவு"ன்னு வர்ற வாட்ஸ்அப் பார்வர்டை மட்டும் நம்பாதீங்க.

33/
அந்தப் பொண்ணுக்கு இப்போ பதின்ம வயசு இருக்கும். அன்னைக்கு நர்ஸ் அவ கையில இருந்த காகிதப் பட்டையை வெட்டி எடுக்கப் போனாங்க, ஊசி போட இடைஞ்சலா இருக்குன்னு. விடல. "அப்பா கட்டி விட்டது"ன்னு சொல்லிச்சு. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு அப்போ அவளுக்குத் தெரியாது. நாங்க இன்னொரு கையில போட்டோம்.

34/
இந்த இழையைப் படிச்சதுக்கு அப்புறம் உங்க பிளான்ல ஒரே ஒரு மாத்தம் பண்ணுங்க. "அப்படியே பீச்"ஐ எடுத்துட்டு, "மறுநாள் காலைல பீச்"னு போடுங்க. இல்ல, முதல் நாளே கடலைப் பார்த்துடுங்க. ரூம் வாடகை அதேதான், பெட்ரோல் அதேதான்.

குடும்ப குரூப்ல பகிருங்க. முக்கியமா, டூர் பிளான் போடுற அந்த மாமாவுக்கு.

இப்போ திட்டுறவங்க திட்டலாம்.